வேங்கி மணவுறவும் சோழ அரியணையும்: குந்தவை முதல் குலோத்துங்கன் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

கி.பி. 1070 ஜூன் மாதத்தில் சோழ அரியணையில் அமர்ந்தவன் தந்தைவழியில் சோழன் அல்லன். கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடைப்பட்ட வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கியர் குலத்தில் பிறந்தவன். முதலாம் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கைதேவியின் மகன். தாய்ப்பாட்டனின் பெயரைத் தாங்கி ராஜேந்திரன் என்று வளர்ந்து, பின்னர் முதலாம் குலோத்துங்கன் என்று அறியப்பட்டவன். அவனுக்கு முன் அந்த அரியணையில் இருந்த அதிராஜேந்திரன் முடிசூடிய சிறிது காலத்திலேயே கலகத்தில் உயிரிழந்திருந்தான். அதிராஜேந்திரனின் உடன்பிறந்தாளை மணந்தவன் கல்யாணியின் மேலைச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தன். மைத்துனன் இழந்த இடத்தில் வேங்கி இளவரசன் அமர்ந்ததை அவன் ஏற்கவில்லை. சோழரின் மகள்வயிற்றுப் பேரன் ஒருபுறமும் சோழரின் மருமகன் மறுபுறமுமாக, இரண்டு மணவுறவுகள் ஒரே அரியணைக்காக மோதின.

இதைக் குலோத்துங்கனின் தனிப்பட்ட துணிச்சலாகவோ சூழ்ச்சியாகவோ சொல்லி முடிப்பது எளிது. பொதுவாக அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆனால் 1070-இல் வெடித்த வழக்கு, வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கு முதலாம் ராஜராஜன் தன் மகள் குந்தவையை மணமுடித்துக் கொடுத்தபோதே தொடங்கிவிட்டது. அத்திருமணம் வேங்கியில் சோழருக்கு ஓர் உரிமையை உண்டாக்கியது. அதே வழியில் சோழ அரியணையிலும் வேங்கிக்கு ஓர் உரிமை உண்டாகலாம் என்பதைத் தஞ்சை அன்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த உரிமையைப் போராக மாற்றியவை வீரராஜேந்திரன் தன் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் எடுத்த இரண்டு முடிவுகள் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதல் திருமணம்

வாதாபிச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி தன் தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனனிடம் ஒப்படைத்த கீழைக் கடற்கரைப் பகுதியே பின்னர் வேங்கி அரசாயிற்று. ஏழாம் நூற்றாண்டு முதல் தனி மரபாக நின்ற இந்நாட்டில் 973-இல் பெரும் குழப்பம் நேர்ந்தது. அரசன் தானார்ணவனைக் கொன்று ஜடாசோட பீமன் என்ற தெலுங்குச் சோடத் தலைவன் நாட்டைப் பிடித்தான். அதே 973-இல்தான் இரண்டாம் தைலபன் ராஷ்டிரகூடரை வீழ்த்தி மேலைச் சாளுக்கிய அரசை மீண்டும் நிறுவினான். சாளுக்கியப் பெயரையும் பழம்பெருமையையும் மீட்டுவிட்டதாகக் கருதிய அவ்வரசு, கிளைக்குடும்பத்தின் நாடான வேங்கி தன் செல்வாக்கின் கீழ் இருப்பதே முறை என்று கொண்டது. தெற்கே வளர்ந்துகொண்டிருந்த சோழருக்கோ, வேங்கி கல்யாணியின் கைக்குப் போனால் வடக்கு எல்லை முழுவதும் ஒரே பகைவனின் எல்லையாகிவிடும் என்ற கவலை இருந்தது.

தானார்ணவனின் மக்கள் சக்திவர்மனும் விமலாதித்தனும் சோழ அவையில் அடைக்கலம் பெற்றனர். ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழித்து, 1000-ஆம் ஆண்டை ஒட்டி, ராஜராஜன் ஜடாசோட பீமனை வென்று சக்திவர்மனை வேங்கியில் அமர்த்தினான். கல்யாணி சும்மா இருக்கவில்லை. 1006-இல் கல்யாணி மன்னன் சத்தியாசிரயனின் படைத்தலைவன் வேங்கிக்குள் புகுந்து தரணிகோட்டையை எரித்தான். தம்பி விமலாதித்தனுக்குக் குந்தவையை மணமுடித்த செயலை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். திருவையாற்றுக் கோயிலில் விமலாதித்தன் அளித்த கொடையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. காவிரிக் கரைக் கோயிலுக்குக் கொடை தரும் அளவுக்கு அந்த மருமகன் சோழக் குடும்பத்தோடு கலந்திருந்தான்.

1011-இல் முடிசூடிய விமலாதித்தனுக்கு இரண்டு அரசியர் வழியே இரண்டு மக்கள். குந்தவையின் மகனுக்கு ராஜராஜன் என்று தாய்ப்பாட்டனின் பெயர். மேளமா என்ற அரசியின் மகனுக்கு விஜயாதித்தன் என்ற பெயர். அது வேங்கி மரபில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த பெயர். எந்த மகனைப் பார்த்து எந்த நாடு உரிமை கொண்டாடப்போகிறது என்பது பெயர் வைத்த நாளிலேயே ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும்.

இரு மக்களும் இரு நாடுகளும்

விமலாதித்தன் ஆண்டது ஏழாண்டு என்று வேங்கிச் செப்பேடுகள் கூறுகின்றன. அப்படியானால் அவன் ஆட்சி 1018-ஐ ஒட்டி முடிந்திருக்க வேண்டும். ஆனால் குந்தவையின் மகன் ராஜராஜ நரேந்திரன் முடிசூடிய நாளைக் கோருமில்லிச் செப்பேடு சக ஆண்டு 944 என்று குறிக்கிறது. அது 1022 ஆகஸ்டு மாதம். இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் மாற்றாந்தாய் மக்களின் போட்டியில் கழிந்தவை என்று கொள்வதே பொருத்தம். கல்யாணியின் இரண்டாம் ஜயசிம்மன் விஜயாதித்தனைத் தாங்கினான்; முதலாம் ராஜேந்திரன் தன் தங்கை மகனைத் தாங்கினான். 'முயங்கியில் முதுகிட்டு ஒளித்த சயசிங்கன்' என்று ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழ் பாடும் பகுதி) பெருமை பேசுவது இப்போராட்டத்தின் மேற்குக் களத்தைப் பற்றியதே. கங்கைப் படையெடுப்புக்குச் சோழப் படை வடக்கே சென்ற காலத்தை ஒட்டியே நரேந்திரனின் முடிசூட்டும் நடந்தது. சோழப் படை அருகில் இல்லாமல் அது நடந்திருக்குமா என்பது ஐயம்.

இதற்காகச் சோழர் கொடுத்த விலையைக் காட்டும் சான்று கலிதிண்டிச் செப்பேடு. மருமகனுக்குத் துணையாக ராஜேந்திரன் அனுப்பிய படைத்தலைவர் மூவர் கல்யாணிப் படையோடு பொருது களத்தில் மாண்டனர். அவர்கள் நினைவாக நரேந்திரன் கலிதிண்டியில் மூன்று சிவன் கோயில்களை எடுத்து நிலம் அளித்தான். வென்ற போரைப் பற்றி மெய்க்கீர்த்திகள் நூறு வரி எழுதும். திரும்பி வராத படைத்தலைவரைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. அந்தக் குறையை மருமகன் நாட்டுச் செப்பேடு ஈடு செய்கிறது.

ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கைதேவியை நரேந்திரனுக்கே மணமுடித்தான். மாமன் மகளை மருமகனுக்குக் கொடுக்கும் இந்த உறவுமுறை குடும்ப அளவில் இயல்பானது. சொத்து வெளியே போகாது, உறவும் விட்டுப்போகாது. ஆனால் அரச குடும்பத்தில் அதன் விளைவு வேறு. முதல் திருமணத்தில் பிறந்தவன் பாதிச் சோழன் என்றால், இரண்டாம் திருமணத்தில் பிறந்தவனுக்குத் தாயும் சோழர் மகள், தந்தையைப் பெற்றவளும் சோழர் மகள். அவனுக்கும் ராஜேந்திரன் என்றே பெயரிட்டனர். பிற்காலத்தில் அவன் இரண்டாம் ராஜேந்திர சோழனின் மகள் மதுராந்தகியை மணந்தான். அவளும் மாமன் மகளே. மூன்று தலைமுறைகளில் மூன்று சோழப் பெண்கள் வேங்கிக்குச் சென்றனர். வேங்கி அரண்மனையில் வளர்ந்தாலும் அவர்கள் வயிற்றுப் பிள்ளைகள் தம்மைச் சோழராகவும் எண்ணியதில் வியப்பில்லை.

நரேந்திரனின் நாற்பதாண்டு ஆட்சிக்காலமும் அமைதியாக அமையவில்லை. 1031-இல் விஜயாதித்தன் அரியணையைப் பறித்துச் சில ஆண்டுகள் ஆண்டான். நரேந்திரன் மீண்டும் வந்தான். 1042-க்குப் பின் கல்யாணியில் முதலாம் சோமேசுவரன் ஆண்டபோது, வேங்கியைத் தன் உடைமை என்றே காட்டும் பட்டங்களை அவன் குடும்பத்தார் சூடிக்கொண்டனர். சோழர் பதிலடி கொடுத்தனர். முதலாம் ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் சிலை தாராசுரத்தில் கிடைத்தது, அதைக் கொண்டுவந்த செய்தி அதன் பீடத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. 1054-இல் கொப்பத்துப் போரில் ராஜாதிராஜன் யானைமேல் துஞ்சினான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அதே களத்தில் முடிசூடிப் போரை வென்றான். இத்தனை போர்களுக்கும் வேங்கி ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. துங்கபத்திரை எல்லையும் இரு குலங்களின் மானமும் சேர்ந்தே இருந்தன. வேங்கி தீராமல் இருந்தவரை மற்றவையும் தீரவில்லை என்பது மட்டும் உறுதி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொப்பத்துக் களத்தில் தம்பி முடிசூடியபோது ராஜாதிராஜனின் மக்கள் ஒதுக்கப்பட்டனர். அடுத்து இளவரசுப் பட்டம் பெற்ற இரண்டாம் ராஜேந்திரனின் மகன் ராஜமகேந்திரன் அரியணைக்கு வருமுன் மறைந்ததால், 1063-இல் இன்னொரு தம்பி வீரராஜேந்திரன் பட்டமேறினான். முதலாம் ராஜேந்திரனின் மக்கள் மூவர் அண்ணன் தம்பியாக அடுத்தடுத்து ஆண்ட அந்தக் கால் நூற்றாண்டில், தந்தைக்குப் பின் மூத்த மகன் என்ற வரிசை சோழ வீட்டிலேயே உறுதியாக இருக்கவில்லை. போர்க்காலத்தில் படையை நடத்த வல்லவன் முடிசூடினான். மகள்வயிற்றுப் பேரன் உரிமை கோர முடிந்ததற்கு இந்த நெகிழ்வும் ஒரு காரணம்.

வீரராஜேந்திரனின் இரண்டு முடிவுகள்

1061-இல் நரேந்திரன் மறைந்ததும் அவன் மகனுக்கு வேங்கி கிடைக்கவில்லை. கல்யாணியின் ஆதரவோடு விஜயாதித்தனின் மகன் இரண்டாம் சக்திவர்மன் அரியணை ஏறினான், ஓராண்டுக்குள் இறந்தான். அதன்பின் விஜயாதித்தன் தானே ஆட்சியை ஏற்றான். அபிமன்யுவை இழந்த அருச்சுனனைப் போல மகனை இழந்த துயரோடு அவன் அரசேற்றதாக அவன் தரப்புச் செப்பேடு உருக்கமாகச் சொல்கிறது. குலோத்துங்கனின் மகன் வீரசோடன் வெளியிட்ட செல்லூர்ச் செப்பேடு தரும் வரலாறு வேறு. அதில் குலோத்துங்கனே பேசுகிறான்: சோழ நாட்டை விரும்பிய நான் வேங்கி நாட்டை முன்பு என் சிற்றப்பன் விஜயாதித்தனிடம் ஒப்படைத்தேன், அவன் பதினைந்து ஆண்டுகள் ஆண்டு வானுலகு அடைந்தான்.

பறிகொடுத்ததைக் கொடுத்ததாகச் சொல்லும் வழக்கம் அரச ஆவணங்களுக்கு உண்டு. எனவே 'ஒப்படைத்தேன்' என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் சோழ நாட்டை விரும்பியதாக அவன் குடும்பத்து ஆவணமே ஒப்புக்கொள்வதை எளிதில் ஒதுக்க முடியாது. எதிராளி சுமத்திய குற்றச்சாட்டாக இருந்தால் தள்ளலாம். இது அவன் மகன் பெருமையாகப் பொறித்துவைத்த செய்தி. அடுத்த எட்டாண்டுகளில் அவன் சக்கரக்கோட்டம், வயிராகரம் ஆகிய இடங்களில் போர் புரிந்ததை அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. தனக்கென ஒரு படையும் வெற்றிப் புகழும் கொண்ட, ஆனால் நாடு இல்லாத ஓர் இளவரசனாகவே அவன் அக்காலத்தில் தென்படுகிறான்.

வீரராஜேந்திரன் செய்த முதல் தவறு இங்கே வருகிறது. அவன் விஜயவாடையில் கல்யாணிப் படையை முறியடித்து வேங்கியை மீட்டான். மீட்ட நாட்டைத் தன் உடன்பிறந்தாளின் மகனுக்குக் கொடுக்காமல், தன் அடி பணிந்து அடைக்கலம் புகுந்த விஜயாதித்தனுக்கே அருளியதாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. நாற்பதாண்டுக் காலம் எந்த மகனின் உரிமைக்காகச் சோழப் படைகள் இரத்தம் சிந்தினவோ அந்தக் கிளை கைவிடப்பட்டது. பகைவனின் கையாளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் உடனடி நன்மைக்காக இதைச் செய்திருக்கலாம். அரசியலில் அது புரியாத கணக்கு அன்று. ஆனால் வேங்கியில் இடமில்லை என்று ஆக்கப்பட்ட மருமகனுக்கு இனிக் கண் வைக்க இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

இரண்டாம் முடிவு அதைவிடப் பெரியது. 1068-இல் முதலாம் சோமேசுவரன் துங்கபத்திரையில் மூழ்கி உயிர் நீத்தபின் மூத்த மகன் இரண்டாம் சோமேசுவரன் கல்யாணியில் அமர்ந்தான். தம்பி விக்கிரமாதித்தன் அவனோடு பகைத்துக்கொண்டு சோழருடன் உறவு கொண்டான். வீரராஜேந்திரன் அவனுக்குத் தன் மகளை மணமுடித்தான். இத்திருமணத்தைப் பற்றி இரு தரப்பும் சொல்வதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சுவையாக இருக்கும். விக்கிரமாதித்தனின் அவைப் புலவன் பில்ஹணன், சோழனே தூதனுப்பி, படையெடுப்பை நிறுத்தினால் மகளைத் தருவதாக வேண்டினான் என்கிறான். வீரராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியோ, தன்னை வந்து அடைந்த விக்கிரமாதித்தனுக்குக் கண்டிகை என்னும் கழுத்தணி பூட்டி, மேலைச் சாளுக்கிய நாடான இரட்டபாடி ஏழரை இலக்கத்தை வழங்கியதாகச் சொல்கிறது. யார் யாரிடம் வந்தார் என்பதில் இருவரும் முட்டிக்கொள்கின்றனர். உறவு உண்டானது என்பதில் மட்டும் ஒத்துப்போகின்றனர். இரு தரப்புக்கும் தேவை இருந்தது, இருவரும் துங்கபத்திரைக் கரையில் பாதி வழி வந்தனர் என்று கொண்டால் போதும்.

கல்யாணி வீட்டைப் பிளக்கும் தந்திரமாகப் பார்த்தால் இத்திருமணம் வெற்றி. சோழ வீட்டின் வாரிசுச் சிக்கலாகப் பார்த்தால் அது புதிய கட்சி ஒன்றை உண்டாக்கிவிட்டது. அதுவரை மேலைச் சாளுக்கியர் வேங்கிக்காக மட்டுமே போட்டியிட்டவர்கள்; இனி அவர்களில் ஒருவன் கங்கைகொண்ட சோழபுரத்தில் யார் அமர்வது என்பதில் கருத்துச் சொல்லும் சம்பந்தி வீட்டான் ஆனான்.

1070: யார் மீது குற்றம்

வீரராஜேந்திரன் 1070-இல் மறைந்தான். பில்ஹணனின் காவியப்படி, சோழ நாட்டில் குழப்பம் என்று கேட்ட விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு விரைந்து கலகக்காரரை அடக்கி, பின் கங்கைகொண்ட சோழபுரம் சென்று மைத்துனன் அதிராஜேந்திரனின் ஆட்சியை நிலைப்படுத்தித் திரும்பினான். சில நாள்களிலேயே மைத்துனன் புதிய கலகத்தில் கொல்லப்பட்டான் என்றும், வேங்கித் தலைவன் ராஜிகன் அரியணையைக் கைப்பற்றினான் என்றும் செய்தி வந்தது. ராஜிகன் என்பது ராஜேந்திரன் என்ற பெயரின் குறுக்கம்.

இந்தச் சான்றில் சொல்லாமல் விடப்பட்டதுதான் முக்கியம். விக்கிரமாதித்தனைப் புகழ்வதே தொழிலாகக் கொண்ட, குலோத்துங்கனை இழிவுபடுத்த எல்லாக் காரணமும் உள்ள புலவன், கொலையைக் குலோத்துங்கன் மீது சுமத்தவில்லை. கலகத்தில் இறந்தான் என்கிறான், அதற்குப்பின் இவன் வந்து எடுத்துக்கொண்டான் என்கிறான். கொலைக்குப் பின்னால் குலோத்துங்கன் இருந்ததாகப் பிற்காலத்தில் எழுந்த ஐயங்களுக்குச் சமகாலச் சான்று இல்லை. சோழ நாட்டுக்கு வெளியே இருந்து வந்த படையின் துணையோடு ஓர் அரசன் அமர்த்தப்பட்டதே உள்நாட்டில் வெறுப்பை வளர்த்திருக்கக்கூடும். நெடுங்காலம் போரிட்ட பகைநாட்டு இளவரசன் தலைநகருக்குள் வந்து முடியைச் சரிசெய்துவிட்டுப் போவதைச் சோழப் படைத்தலைவர்கள் மகிழ்ந்து பார்த்திருக்க முடியாது.

குலோத்துங்கன் தரப்பு தன் வழக்கை இரண்டு வகையில் முன்வைத்தது. ஒன்று உரிமை: பொன்னி நாட்டு நிலமகளின் தனிமை நீங்க மணிமகுடத்தை 'உரிமையிற் சூடி' அமர்ந்ததாக அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. மற்றொன்று தேவை: அரசனில்லாமல் மறைநெறியும் மனுநெறியும் குலைந்த நாட்டை அபயன் (குலோத்துங்கன்) வந்து காத்ததாகச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பாடினார். உரிமை ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது வாதத்துக்குத் தேவையே இருந்திராது. அதே வேளையில், அரியணை உண்மையிலேயே வெறுமையாக இருந்தது என்பதைப் பில்ஹணனின் கூற்றும் உறுதிப்படுத்துகிறது. என் மதிப்பீட்டில் குலோத்துங்கன் கொலையாளி என்று சொல்லச் சான்று போதாது. ஆனால் வாய்ப்புக்காகப் படையோடு காத்திருந்தவன் என்று சொல்ல அவன் குடும்பத்துச் செப்பேடே போதும். தமிழ்நாட்டில் அவன் முதல் சில ஆண்டுக் கல்வெட்டுகள் அவனை ராஜேந்திர சோழன் என்றே குறிக்கின்றன. தாய்ப்பாட்டனின் பெயரே அவன் கையில் இருந்த முதல் உரிமைப் பத்திரம். குலோத்துங்கன் என்ற பெயர் ஆட்சி ஊன்றிய பிறகே வருகிறது.

அதன் பின்

விக்கிரமாதித்தன் படையெடுத்தான். குலோத்துங்கன் கல்யாணியில் இருந்த இரண்டாம் சோமேசுவரனோடு கூட்டு வைத்தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் இருந்த பகை இப்போது சோழ வழக்கின் பகுதியாயிற்று. 1076-இல் விக்கிரமாதித்தன் அண்ணனைச் சிறையிட்டுத் தானே முடிசூடித் தன் பெயரால் சாளுக்கிய விக்கிரம ஆண்டுக் கணக்கைத் தொடங்கினான். பில்ஹணன் ராஜிகன் தோற்றோடினான் என்கிறான். குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தியோ, நங்கிலியிலிருந்து மணலூர் வழியே துங்கபத்திரை வரை விக்கலனை, அதாவது விக்கிரமாதித்தனை, துரத்தியதாகப் பாடுகிறது. இருவரும் தத்தம் அரியணையில் நெடுங்காலம் அமர்ந்திருந்தனர் என்பதே போரின் முடிவைச் சொல்கிறது: மைத்துனனுக்காக எடுத்த வாள் சோழ நாட்டை அசைக்கவில்லை, ஆனால் அதன் வழியே விக்கிரமாதித்தன் தன் சொந்த அரியணையைப் பெற்றுவிட்டான்.

விஜயாதித்தன் மறைந்தபின் வேங்கிக்குக் குலோத்துங்கன் தன் மக்களையே ஆளுநராக அனுப்பினான். முதலில் சென்ற மும்முடிச் சோழன் ஓராண்டிலேயே திரும்பிவிட்டான். பெற்றோர் அடிபணிந்து வாழும் இன்பத்துக்கு நாடாளும் இன்பம் ஈடாகாது என்று கருதியதாகச் செல்லூர்ச் செப்பேடு காரணம் சொல்கிறது. பாசம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நூறாண்டாக யாரும் நிம்மதியாக உறங்காத அந்த அரண்மனையை விட்டு வரப் பாசம் மட்டுமே காரணமாக இருந்திருக்காது. அடுத்துச் சென்ற வீரசோடனும் பிறரும் ஓரளவு நிலைத்து ஆண்டனர். வேங்கியும் சோழ நாடும் ஒரே குடும்பத்தின் கையில் வந்தபின், குந்தவையின் மகனுக்கும் மேளமாவின் மகனுக்கும் இடையே தொடங்கிய வழக்கில் உரிமை கோர எவரும் மிச்சமில்லை.

கல்யாணியின் கோரிக்கை மட்டும் எஞ்சியிருந்தது. 1118-இல் முதுமையடைந்த குலோத்துங்கன், வேங்கியில் ஆளுநராக இருந்த மகன் விக்கிரம சோழனைத் தெற்கே அழைத்து இளவரசுப் பட்டம் கட்டினான். அவன் சோழ நாட்டைக் காக்கச் சென்றதும் வேங்கி தலைவனின்றிப் போயிற்று என்று பிற்காலப் பிட்டாபுரம் கல்வெட்டு குறிக்கிறது. விக்கிரமாதித்தனின் படைத்தலைவன் அனந்தபாலன் அங்கே நுழைந்தான். அதன்பின் சில ஆண்டுகள் திராட்சாராமக் கோயிலில் கொடை எழுதியவர்கள் சாளுக்கிய விக்கிரம ஆண்டில் நாள் குறித்தனர். 1126-இல் விக்கிரமாதித்தன் இறந்த பிறகே விக்கிரம சோழனால் வேங்கியை மீட்க முடிந்தது.